கிறகோரி கப்பலால் இறங்கியது

முல்லைத்தீவுக் கரையில் கப்பல் கிறகோரி என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். பேரைக் கேட்டுவிட்டு ஆள் பெரிய கடலோடி என்று நினைத்துவிடாதீர்கள். அவரை ஒரு வள்ளத்தில் ஏற்றிக் கூப்பிடு தூரம் கொண்டுபோனால் போதும், காலையில் தின்ற பாணும் சம்பலும் வெளியே வந்துவிடும். தகப்பனும் தமையன்மாரும் கடலை நம்பியே சீவித்த வீட்டில் அவருக்கு மட்டும் வள்ளம் ஒத்துவரவில்லை. "உவன் கடலுக்குச் சரிவரான்" என்று தகப்பன் கைகழுவிவிட்ட பிள்ளைதான் பிறகு உலகத்துக் கடலெல்லாம் சுற்றி வந்தது. அதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது.

"காலுக்குக் கீழ எஞ்சின் ஓடவேணும். அது ஓடினா எனக்கு ஒண்டும் செய்யாது. வள்ளத்தில இருக்கிறதும் எஞ்சினோ? அது தும்மிற சத்தம்."

இருபது வயதில் கொழும்பு ஏஜென்சிக்காரர் ஒருவரைப் பிடித்துச் சரக்குக் கப்பலில் ஏறினார். முதலில் எஞ்சின் அறையில் தரை துடைத்தார். பிறகு எண்ணெய் போட்டார். பிறகு நீராவி காய்ச்சுகிற பொயிலரை அவர் கையில் ஒப்படைத்தார்கள். கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறவனுக்கு மேலே என்ன ஊர், என்ன கடல் என்று எங்கே தெரியப்போகிறது? "சிங்கப்பூர் பாத்தனீங்களோ?" என்று ஊரில் யாராவது வாயூறக் கேட்டால், "ஓம், அதில நிக்கேக்கைதான் பொயிலர் குழாய் மாத்தினனாங்கள்" என்பார். கேட்டவர் பேசாமல் எழும்பிப் போய்விடுவார்.

கப்பல் வேலை ஒன்பது மாத ஒப்பந்தம். ஏறும்போது ஏஜென்சிக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்தான் சொல்வார். "ஒன்பது மாசம் நிண்டிட்டு வாங்கோ, பிறகு பாப்பம்." ஒன்பது மாதம் முடியப் பதில் ஆள் வருவான். அவனிடம் வேலையைப் பாரம் கொடுத்து, கப்டனிலிருந்து சமையற்காரன் வரை எல்லாருக்கும் கைகொடுத்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வரவேண்டும். இதைத்தான் கப்பல்காரர் 'இறங்குவது' என்பார்கள். திரும்பப் போவது 'ஏறுவது'. கிறகோரியின் சீவியம் முழுக்க இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. கலியாணம் நடந்தது ஓர் இறக்கத்தில். மகள் யூலியானா பிறந்தது ஓர் ஏற்றத்தில். நாளாகியும் இறங்காமல் நிற்பது கப்பலில் மரியாதைகெட்ட வேலை. பதிலுக்கு வரவேண்டியவன் எங்கேயோ ஓர் ஊரில் பையைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பான் அல்லவா?

இந்த ஒன்பது மாதக் கணக்கு கிறகோரியைவிட மனைவி யூலிற்றாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் சுண்ணாம்பு வாங்கிவந்து வீட்டுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கிவிடுவார். மனிதன் இறங்கி வரும்போது சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை, தானாக வந்தது. சண்டை முடிந்து சனமெல்லாம் வவுனியா முகாமில் கிடந்த காலத்தில் அடிப்பதற்குச் சுவர் இல்லை. யூலிற்றா கூடாரத்துத் தறப்பாளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பக்கத்துக் கூடாரத்துக்காரி பார்த்துவிட்டு இவளுக்குப் பைத்தியம் என்றாள். அந்த மாதங்களில் கிறகோரி நடுக்கடலில் நின்றார். மனைவியும் பிள்ளையும் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தி முகாமுக்கு வந்துபோன ஒரு பங்குச் சுவாமியாரின் தொலைபேசி மூலம் அவருக்குக் கிடைத்தபோது, பொயிலருக்குப் பின்னால் போய் நின்று சத்தம் வைத்து அழுதார். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. பூசையில் மட்டும் நன்றி சொல்லும் நேரம் வந்தால், மற்றவர்கள் எழும்பிய பிறகும் கொஞ்ச நேரம் முழந்தாளில் இருப்பார்.

ஐம்பது வயது தாண்டியதும் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. கப்பலுக்கு ஏறமுன் செய்யும் வைத்தியப் பரிசோதனையில் தட்டிவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்துத் தோளில் தட்டி அனுப்பினார். அந்த முறை 'பிறகு பாப்பம்' என்ற வசனம் அவர் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சும்மா இருக்கமாட்டாமல் யூலிற்றாவின் தம்பி டிலக்ஸனோடு வள்ளத்தில் போனார். போன காரியம் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அத்தான், நீங்கள் கரையில நிண்டு வலையைப் பாருங்கோ" என்று டிலக்ஸன் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தான். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் இன்னொரு கூத்து. அரிசி ஆலையில் கேட்டார்கள், மரம் விற்கிற மரக்காலையில் கேட்டார்கள், எல்லாரும் ஒரே கேள்வி. "முந்தி எங்க வேலை செய்தனீங்கள்?" "கப்பலில." அவ்வளவுதான். ஒருவர் "மீன் கப்பலோ?" என்பார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி "நேவியோ?" என்பார். சண்டை நடந்த இந்தக் கரையில் அந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கனம் உண்டு. கிறகோரி அவசரமாகத் தலையை ஆட்டி, "இல்லை இல்லை, சாமான் ஏத்திற கப்பல்" என்பார். அதற்குப் பிறகு கதை நகராது. முப்பது வருட உழைப்பு 'கப்பலில' என்ற ஒரு சொல்லில் மூழ்கிப்போய்விடும்.

அப்படி இருக்கும்போதுதான் புதுக்குடியிருப்பில் தொழிற்சந்தை ஒன்று வைத்தார்கள். யூலியானாவுக்கு ஏதாவது படிப்பு, வேலை அகப்படுமா என்று பார்க்கக் கிறகோரி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பரந்தனுக்குக் கிட்ட இருக்கும் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் மேசையில், ஆளெடுக்கிற பொறுப்பில், உருத்திரபுரத்துச் சிவலட்சுமி இருந்தார். யூலியானாவுக்குத் தையல் வேலையில் விருப்பம் இல்லை. வவுனியாவில் ஒரு படிப்புக்கு இடம் கேட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். மகளுக்குக் காவலாக நின்ற மனிதரைச் சிவலட்சுமி ஏறிட்டுப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் என்ன செய்யிறியள்?"

"கப்பலில இருந்தனான். இப்ப சும்மா."

"கப்பலில என்ன வேலை?"

கிறகோரி திடுக்கிட்டுப்போனார். ஒன்றரை வருடமாக யாரும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை. எஞ்சின் அறை என்றார். அங்கே என்ன என்று சிவலட்சுமி விடாமல் கேட்டார். பொயிலர் என்றார். என்ன பொயிலர், எப்படித் தண்ணீர் விடுவது, எப்போது கழுவுவது என்று கேட்டுக்கொண்டே போனார். தொழிற்சாலையில் சட்டைகள் அயன் பண்ண நீராவி வேண்டும், நீராவிக்குப் பொயிலர் வேண்டும், பொயிலருக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் அவருக்கு மாதக்கணக்காக அகப்படவில்லை. ஆனால் அவர் அப்படித் துருவிக் கேட்டதற்கு அது மட்டும் காரணமில்லை என்பது கிறகோரிக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொழிற்சாலை மனேஜர் சதீஸுக்கு இதில் நம்பிக்கை இல்லை. தொழிற்சாலைக்குக் கூப்பிட்ட அன்று கிறகோரி வெளியே வாங்குப் பலகையில் இருக்க, உள்ளே நடந்த கதை யன்னலால் கேட்டது.

"அக்கா, கப்பல் ஆக்கள் ஒரு இடத்தில நிக்கமாட்டினம். நாங்கள் பழக்கி எடுக்க அவை போயிடுவினம்."

"ஒருத்தரைப் போட்டுப் பாப்பம், சதீஸ். அவர் நிண்டிட்டாரெண்டா இன்னும் ரெண்டு மூண்டு கப்பல் ஆக்கள் இருக்கினம், அவையையும் எடுப்பம். நிக்காட்டி, இந்தக் கதையையே நான் இனி எடுக்கமாட்டன்."

வெளியே வந்த சிவலட்சுமி சிரித்த முகத்தோடு சொன்னார்: "அண்ணை, ஜனவரியில, புதுவருசத்தோட வாங்கோ. ஒன்பது மாசம் எங்களோட நிண்டு காட்டுங்கோ, பிறகு பாப்பம்."

அட, அதே வசனம்! கிறகோரிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. நிலத்திலும் ஒன்பது மாதம்தான். அதுவும் பின்னேரம் வீட்டுக்கு வருகிற ஒன்பது மாதம். இதைவிட ஒரு கப்பல்காரனுக்கு என்ன வேண்டும்? பஸ்ஸில் வரும் வழியிலேயே அக்கராயனில் இருக்கும் கணபதிக்குத் தொலைபேசி எடுத்தார். கணபதியும் கப்பல்காரன், ஒரே கப்பலில் நின்ற கூட்டாளி, இப்போது வயலில் இறங்கி நெல்லோடும் தமையனோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். "மச்சான், நான் நிண்டு காட்டினா உனக்கும் இடம் இருக்கு" என்றார். கணபதி கணக்குப் போட்டான். "அப்ப புரட்டாதி முடிய நீ இறங்குவாய், நான் ஏறுவன்." "ஓம்" என்றார் கிறகோரி. இரண்டு கப்பல்காரர் கதைத்தால் இப்படித்தான் முடியும். பிழை எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வேலை தொடங்கியது. பொயிலரை அவர் பார்த்த பார்வையிலேயே அது அடங்கிவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மை அப்படி இல்லை. அது வேறு வகைப் பொயிலர். முதல் கிழமை திக்குமுக்காடிப் போனார். அதோடு, பொயிலர் பார்க்கிறவர் கொழும்பில் வாய்மொழிச் சோதனை ஒன்று எடுக்கவேண்டும். வேலை கையில் இருந்தது, வாயில் இல்லை. பிலிப்பைன்காரரோடும் உக்ரேன்காரரோடும் அவர் இத்தனை வருடம் கதைத்த இங்கிலீசில் இருந்தது மூன்றே வசனங்கள்: 'வெரி குட்', 'நோ குட்', 'ஸ்லோலி ஸ்லோலி'. சிவலட்சுமி மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு பொயிலர் அறைக்கு வருவார். கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"தண்ணி மட்டம் குறைஞ்சா என்ன செய்வியள்?"

"நோ குட்."

"அண்ணை, நோ குட் எண்டா சோதினைக்காரனுக்குக் காணாது. வசனமாச் சொல்லுங்கோ."

சிவலட்சுமிக்குப் பொயிலரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவரிடம் கேட்டு, இவர் கையைக் காட்டி விளக்க, அதைத் தமிழில் வசனமாக்கி, திரும்ப இவருக்கே சொல்லிக்கொடுத்தார். சோற்றைக் குழைத்தபடி வால்வைப் பற்றிக் கதைத்த பெண்ணைக் கிறகோரி வேறெங்கும் கண்டதில்லை. சோதனைக்குக் கொழும்பு போகும் அன்று விடியற்காலையில் சிவலட்சுமி தொலைபேசி எடுத்து, "ஸ்லோலி ஸ்லோலிச் சொல்லுங்கோ" என்றார். கிறகோரி சோதனையில் சித்தியடைந்து வந்தார். வந்த அன்று யூலிற்றா சிவலட்சுமியின் பேரில் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். அவா சைவம் என்பதை யூலிற்றா யோசிக்கவில்லை, மாதாவும் யோசித்திருக்கமாட்டா.

ஆண்கள் மட்டும் இருக்கும் கப்பலில் வளர்ந்தவர் இப்போது தையல் வேலைக்கு வந்த நூற்றுக்கணக்கான பெட்டைகளுக்கு நடுவில். 'கப்பல் அங்கிள்' என்று பேர் வைத்தார்கள். "அங்கிள், இண்டைக்கு எந்தத் துறைமுகம்?" என்று காலையில் கத்திக்கொண்டு போவார்கள். "பரந்தன்" என்பார் அவர். பொயிலர் அறைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார். நீராவி ஒரு நாளும் நிற்கவில்லை. சதீஸ் அவரைக் காணும்போது முதலில் தலையை ஆட்டினார், பிறகு சிரித்தார், பிறகு நின்று கதைக்கத் தொடங்கினார். அவர் சொல்லிக் கணபதியின் பேரைச் சிவலட்சுமி அடுத்த ஆளாகக் குறித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணபதி தொலைபேசி எடுப்பான். "எத்தினை மாசம் ஆச்சு, மச்சான்?" கிறகோரி சொல்வார். "நல்லது, நில்லு நில்லு" என்று வைத்துவிடுவான்.

ஒன்பதாம் மாதம் பிறந்தது. யூலிற்றா சுண்ணாம்பு வாங்கினார். கிறகோரி குழாய்களுக்குப் பெயின்ற் அடித்தார், சாவிகளைத் துடைத்து வரிசையாகத் தொங்கவிட்டார். உள்ளுக்குள் கவலைதான். இந்த வேலையை அவர் விரும்பியிருந்தார். பின்னேர பஸ்ஸில் விசுவமடு வயல்களைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவதை இன்னும் அதிகம் விரும்பியிருந்தார். 'இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டோ' என்று சிவலட்சுமியிடம் கேட்டால் என்ன என்று ஒரு நாள் நினைத்தார். உடனே கணபதியின் முகம் வந்தது. அவன் பையைக் கட்டி வைத்துக்கொண்டிருப்பான். அவன் இடத்தில் தான் குந்தியிருப்பதா? வெட்கக்கேடு. நினைத்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டார்.

கடைசிச் சனிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, யூலிற்றா சுட்ட பயற்றம் பணியாரத்தோடு போனார். எல்லாருக்கும் கொடுத்தார், எல்லாருக்கும் கைகொடுத்தார். பெட்டைகள் பிறந்தநாள் என்று நினைத்துப் பாட்டுப் பாடினார்கள். சதீஸிடம் போய், "சேர், எனக்குப் பதிலா ஆள் எப்ப வருது? நான் இண்டையோட இறங்கிறன். மிச்சம் சந்தோசம், சேர்" என்றார். சதீஸின் முகம் கறுத்துவிட்டது. நீட்டிய கையைப் பிடித்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார். பிரிவுக் கவலை என்று கிறகோரி நினைத்தார், நல்ல மனிதன் என்று மனதுக்குள் நன்றியும் சொல்லிக்கொண்டார். சிவலட்சுமி அன்று வவுனியாவுக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருக்கென்று கொண்டுவந்த கருவாட்டுப் பொதியைக் காவலாளியிடம் கொடுத்தபோதுதான் கிறகோரிக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்லவேண்டிய முதல் ஆளுக்குச் சொல்லாமல் இறங்கவேண்டி வந்துவிட்டதே.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, முற்றத்து மர நிழலில் கதிரை போட்டு இருந்தார். இறங்கிய மனிதனை முதல் கிழமை யூலிற்றா ஒரு வேலையும் செய்யவிடமாட்டார். குசினியில் நண்டுக் கறி கொதித்தது. யூலிற்றா சீலையைச் செருகிக்கொண்டு முன்சுவரில் பாதிக்கு வெள்ளை அடித்திருந்தார். அப்போதுதான் பஸ் நின்ற பக்கமிருந்து குடை பிடித்துக்கொண்டு சிவலட்சுமி வருவது தெரிந்தது. கிறகோரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கைகொடுத்து அனுப்ப வீடு தேடி வந்திருக்கிறா! எந்தக் கப்டன் இப்படி வருவான்?

"வாங்கோ மிஸ், வாங்கோ! உங்களுக்குச் சொல்லாமல் வந்திட்டன் எண்டு எனக்கு மனமே சரியில்லை."

சிவலட்சுமி இருக்கவில்லை. வெயிலில் வந்த முகம் சிவந்திருந்தது.

"அண்ணை, என்ன பிழை நடந்தது? சதீஸ் ஏதும் சொன்னவரோ?"

"சேரோ? சேர் தங்கமான மனுசன்."

"அப்ப பஸ்ஸில வரக் கஷ்டமோ? உடம்புக்கு ஏலாதோ?"

"எனக்கென்ன, நல்லா இருக்கிறன்."

"பிறகேன் விட்டிட்டு வந்தனீங்கள்?" சிவலட்சுமியின் குரல் உடைந்தது. "சதீஸ் நேற்று எனக்குப் போன் எடுத்து, சொன்னனான் தானே அக்கா எண்டவர். திங்கட்கிழமை வேற ஆள் பாக்கிறாராம். கணபதியைக் கூப்பிடுறதில்லை எண்டிட்டார். இனி நான் என்ன வாயால இன்னொரு கப்பல்காரருக்காகக் கதைக்கிறது?"

கிறகோரிக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. "விட்டிட்டோ? நான் ஏன் மிஸ் விடுறன்? நீங்கள்தானே ஒன்பது மாசம் நிண்டு காட்டச் சொன்னனீங்கள். நிண்டிட்டன். இறங்கினனான்."

சுவரோரம் இன்னொரு கதிரையில் ஏறி நின்ற யூலிற்றா பிரஷோடு திரும்பினார். "இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி ஊத்திறன். சுவரில சாராதேங்கோ, ஈரம். வழமையா இவர் இறங்கினாலும் கொழும்பில ரெண்டு மூண்டு நாள் நிண்டுதான் வீட்டை வருவார். அந்த நினைப்பில மெதுமெதுவா அடிச்சனான். இந்த முறை இறங்கின பின்னேரமே வந்திட்டார்."

சிவலட்சுமி சுவரைப் பார்த்தார். கிறகோரியைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

"அக்கா, இவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டை வாறவர்தானே?"

"ஓம்."

"காலமை போய்ப் பின்னேரம் வாற மனுசனுக்கு ஏன் வெள்ளை அடிக்கிறியள்?"

யூலிற்றா பிரஷைத் தூக்கியபடி சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிரஷிலிருந்து சுண்ணாம்பு சொட்டிக் கதிரையில் விழுந்தது. ஒன்பதாம் மாதம் என்பதற்கு மேல் அவர் யோசித்ததே இல்லை. சிவலட்சுமி முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிழை என்னிலதான், அண்ணை. ஒன்பது மாசம் எண்டது உங்களைப் பாக்கிறதுக்கு. அது முடிஞ்சா நிரந்தரம். நிரந்தரம் எண்டா இறக்கம் ஏத்தம் ஒண்டும் இல்லை. அறுபது வயசு மட்டும் உங்கட வேலை, உங்கட பொயிலர்."

"பதில் ஆள்?"

"பதில் ஆள் இல்லை."

"அப்ப கணபதி? அவன் என்ர இடத்துக்கெல்லோ காத்திருக்கிறான்."

"உங்கட இடத்தை ஆருக்கும் குடுக்கேல்லை. பின்னேர முறை வேலைக்கு இன்னொரு ஆள் வேணும். அந்த இடம்தான் கணபதிக்கு. நீங்கள் நிண்டாத்தான் அதுவும் கிடைக்கும்."

சிவலட்சுமி சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, முதல் தடவையாகத் தன் கதையைச் சொன்னார். "என்ர அண்ணாவும் கப்பல்தான். அப்புத்துரை எண்டு பேர். கப்பல் நிண்டாப் பிறகு எல்லா இடமும் வேலை கேட்டவர். கப்பலில எண்ட உடன அனுப்பிப்போடுவினம். ஒருத்தரும் கப்பலில என்ன வேலை எண்டு கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. சாகும்வரைக்கும் கட்டிலுக்குக் கீழ பையைக் கட்டி வைச்சிருந்தவர், ஏஜென்சி கூப்பிடும் எண்டு. வீட்டில இருந்தாரே ஒழிய அந்த மனுசன் கப்பலால இறங்கவே இல்லை, அண்ணை."

யூலிற்றா கதிரையை விட்டு இறங்கி வந்து சிவலட்சுமியின் பக்கத்தில் அமர்ந்தார். சுண்ணாம்புக் கையால் அவர் கையைப் பிடித்தார்.

சதீஸுக்குச் சிவலட்சுமியே தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னார். மறுபக்கத்தில் கைபேசிக்கு வெளியே வருகிற அளவுக்குச் சிரிப்பு. "அங்கிளிட்டைக் குடுங்கோ" என்றார் சதீஸ். "அங்கிள், நாளைக்குக் காலமை பஸ்ஸில வராட்டி நானே வந்து தூக்கிக்கொண்டு போவன்."

"வாறன், சேர்." கிறகோரி எழும்பி நின்று சொன்னார். கைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது சிவலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். மிஸ் என்று சொல்லத்தான் வாயெடுத்தார், வேறு சொல் வந்தது. "தங்கச்சி, நீங்கள் இல்லாட்டி நான் அழிஞ்சுபோயிருப்பன். என்ர பிள்ளையும் இவளும் உயிரோட இருக்கினம் எண்டு சொன்ன சுவாமியாருக்குப் பிறகு, நான் நன்றி சொல்லவேண்டிய ஆள் நீங்கள்தான்."

"கருவாடு போதும், அண்ணை" என்றார் சிவலட்சுமி. "நல்ல கருவாடு."

நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டுச் சிவலட்சுமி பின்னேர பஸ்ஸுக்குப் போனார். யூலிற்றா படலையில் நின்று அவர் மறையும் வரை பார்த்தார். திரும்பி வந்து, பாதி வெள்ளையும் பாதி அழுக்குமாக நின்ற சுவரைப் பார்த்தார்.

"அப்ப இனி ஏறுறதே இல்லையோ?"

"இல்லையாம்."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் இல்லை."

யூலிற்றா சுண்ணாம்பு வாளியையும் பிரஷையும் எடுத்துவந்து கிறகோரியின் காலடியில் வைத்தார். "அப்ப மிச்சச் சுவரை நீங்களே அடியுங்கோ. இவ்வளவு காலமும் வாற ஆளுக்கெண்டு நான் அடிச்சனான். இனி நீங்கள் வீட்டுக்காரன்."

தன் வீட்டுச் சுவரில் ஒரு நாளும் கை வைக்காத மனிதர் கதிரையில் ஏறினார். இரண்டு இழுப்பு இழுத்திருக்கமாட்டார், சட்டைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. கணபதி.

"மச்சான், ஒன்பது முடிஞ்சுதல்லோ? இறங்கிட்டியோ?"

கிறகோரி கீழே பார்த்தார். கதிரை ஆடாமல் யூலிற்றா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஓமடா. இப்பத்தான் இறங்கினனான்" என்றார். "நீயும் வா. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு."